நாந்தான்னா யாரு?

அவருடைய பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எனக்கு மறதியெல்லாம் கிடையாது. இனிஷியல், பெயர், ஊர், அவர் மேஜைமேல் இருந்த பெயர்ப்பலகையில் எந்த எழுத்தின் மேல் புள்ளி அழிந்துபோயிருந்தது என்பது வரை ஞாபகம் இருக்கிறது. இருந்தும் எழுத மாட்டேன். காரணம் கடைசியில் தெரியும்.

கடலூரில் ஒரு பெரிய தனியார் ஆஸ்பத்திரி. அதற்குச் சிதம்பரத்தில் ஒரு கிளை. நான் கிளையின் லேபில் டெக்னீஷியன். அவர் கடலூர் தலைமை அலுவலகத்தில் டேட்டாபேஸைப் பார்த்துக்கொண்டவர். இரண்டு ஊரிலும் நாங்கள் போடுகிற ரிப்போர்ட் அத்தனையும் போய்ச் சேருகிற இடத்துக்கு அவர்தான் காவல். சேத்தியாத்தோப்புப் பக்கம் விவசாயக் குடும்பம். அப்போது நாற்பத்தைந்து வயது இருக்கும். ஒல்லியான ஆள். அரைக்கைச் சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா. இரண்டாவது பேனா யாராவது இரவல் கேட்டால் கொடுப்பதற்கு. அதன்மேல் அவர் பெயரை எழுதி டேப் ஒட்டியிருப்பார்.

அவருக்கு ஒரே ஒரு கிறுக்குதான். எதற்கும் 'யாரு?' என்று கேட்பார்.

நம் பக்கத்தில் கதவைத் தட்டினால் உள்ளேயிருந்து "யாரு?" என்பார்கள். வெளியே நிற்பவர் "நாந்தான்" என்பார். கதவு திறந்துவிடும். இவர் வீட்டில் அது செல்லாது. ஆஸ்பத்திரி ஆண்டு விழாவுக்கு வந்திருந்த அவருடைய மனைவி எங்களிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

"மார்க்கெட்லேர்ந்து வரேன், ரெண்டு கையிலயும் பை. யாருன்னு கேக்கறாரு. நாந்தாங்கறேன். நாந்தான்னா யாருங்கறாரு! கட்டுன பொண்டாட்டிகிட்ட! அப்பறம் பேரைச் சொன்னேன். அதுக்குப் பொறகுதான் தாப்பாளை எடுத்தாரு."

அவர் பக்கத்தில் நின்று கூச்சத்தோடு சிரித்தாரே தவிர மறுக்கவில்லை.

நான் தலைமை அலுவலகத்துக்குப் போயிருந்த ஒருநாள் அங்கே கேன்டீனில் கண்ணாடித் தம்ளர் விழுந்து நொறுங்கியது. துடைக்கிற அம்மா ஓடிவந்து, "உடைஞ்சி போச்சி சார்" என்றார். "தானா எப்படிம்மா ஒடையும்? யாரு ஒடைச்சது?" என்று இவர் கேட்டார். அந்த அம்மா தயங்கித் தயங்கித் தன் பெயரைச் சொன்னார். "அவ்ளோதான். பேரைச் சொல்லிட்டீங்க, விஷயம் முடிஞ்சுது. கால்ல குத்திக்காதீங்க" என்று சொல்லிவிட்டு அவரே குனிந்து பெரிய துண்டுகளைப் பொறுக்கினார். பெயரைச் சொன்ன யாரையும் அவர் திட்டி நான் பார்த்ததில்லை. அதனாலேயே எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. பிடித்தது என்றால் கொஞ்சமாக இல்லை, தெய்வமாகவே வைத்திருந்தேன்.

கிளையிலிருந்து போன் செய்து, "சார், ஒரு ரிப்போர்ட்டு மாறிப்போச்சு" என்றால் போதும். "மாறிப்போச்சா, மாத்துனாங்களா? மாத்துனா யாரு?" என்று ஆரம்பித்துவிடுவார். யாருடைய கல்யாணத்துக்காவது எல்லோரும் சேர்ந்து பரிசு வாங்கி 'அன்புடன் ஊழியர்கள்' என்று எழுதிக் கொடுப்போம். அவர் சேர மாட்டார். தனியாக ஒரு சுவர்க் கடிகாரம் வாங்கி, அதன் முதுகில் இனிஷியலோடு பெயர் எழுதிக் கொண்டுவருவார். கடலூர் வட்டாரத்தில் அந்த மாதிரி முப்பது கடிகாரமாவது இப்போதும் ஓடிக்கொண்டிருக்கும்.

ஒருமுறை சிதம்பரம் கிளைக்கு வேலையாக வந்தவர் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார். ஏன் சார் இந்த 'யாரு' என்று நான்தான் கேட்டுவைத்தேன். தயிர் சாதத்தைப் பிசைந்தபடியே சொன்னார்:

"நீங்க இங்க ஒரு ரிசல்ட்டு போடறீங்க இல்ல, அது நேரா டேட்டாபேஸுக்குப் போவாது. நடுவுல ஒரு சர்வர் இருக்கு. உங்க எல்லாருக்குமா சேத்து அதுதான் போயி கதவத் தட்டுது. டேட்டாபேஸ் யாருன்னு கேக்குது. சர்வரு நாந்தாங்குது. கதவு தொறந்துடுது. நீங்க வந்தாலும் நாந்தான், டாக்டர் வந்தாலும் நாந்தான், திருட்டுப்பய வந்தாலும் நாந்தான். அத்தினி பேருக்கும் ஒரே பொதுப்பேரு. நாளைக்கு எதுனா மாறிச்சுன்னா, உள்ள இருக்கற பதிவுல அந்தப் பொதுப்பேருதான் இருக்கும்."

"அதுக்கு என்ன சார் பண்ணணும்?"

"சர்வரு ஒவ்வொரு தடவையும் தன் பின்னால நிக்கறது யாருன்னு பேரச் சொல்லணும். சொல்றது நம்ம சர்வருதானான்னு டேட்டாபேஸ் அதோட சான்றிதழப் பாத்து உறுதி பண்ணிக்கணும். பேரு இல்லாம வந்தா, போய்ட்டு பேரோட வான்னு திருப்பி அனுப்பிடணும். அவ்ளோதான்மா. ரேஷன் கடையில ஒரு கிலோ சக்கரைக்குக் கைரேகை கேக்கறான். மனுஷன் உசுரு இருக்கற எடத்துல பொதுப்பேரு போதுமாம்."

இதை அவர் நிர்வாகத்திடம் மூன்று முறை எழுதிக் கொடுத்திருந்தார். மூன்று முறையும் திரும்பி வந்தது. சாப்ட்வேரைத் திருத்த வேண்டும், வேலை நிற்கும், டாக்டர்கள் முணுமுணுப்பார்கள். கடைசியாக, "இத்தினி வருஷமா இப்படித்தான் ஓடுது. இதுவரைக்கும் இன்னா கெட்டுப்போச்சு?" என்று கேட்டார்களாம். அந்தக் கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை. பிற்பாடு அந்தப் பதிலாக நான் போய்ச் சேர்ந்தேன்.

என் பக்கத்துத் தப்பையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் லேபில் ஒரு வழக்கம். காலையில் யார் முதலில் வந்து கம்ப்யூட்டரைத் திறக்கிறாரோ, அவர் பெயரிலேயே அன்றைக்கு முழுவதும் எல்லோரும் ரிசல்ட் போடுவோம். ஒவ்வொருவரும் வெளியேறி, மறுபடி பாஸ்வேர்டு போட்டு உள்ளே வருவதற்குள் ரத்தம் கொடுக்க நிற்கும் வரிசை வாசல் வரைக்கும் போய்விடும். நான் கடலூரிலிருந்து முதல் பஸ் பிடித்து வருகிறவள். அதனால் வாரத்தில் ஐந்து நாள் எல்லா ரிப்போர்ட்டிலும் என் பெயர்தான். ஜெசிந்தா, ஜெசிந்தா, ஜெசிந்தா. எங்களோடு சாப்பிட்ட அன்றைக்கு அவர் அதைப் பார்த்துவிட்டு, "பேர வாடகைக்கு உடாதீங்கம்மா. காலி பண்றப்போ சுவரெல்லாம் ஓட்டையா இருக்கும்" என்றார். நாங்கள் சிரித்தோம்.

மூன்று மாதம் கழித்துக் குமராட்சிப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். சிறுநீரகக் கோளாறு. பொட்டாசியம் பார்த்தேன். ஐந்தைத் தாண்டக் கூடாதது, ஆறு புள்ளி எட்டு இருந்தது. இரண்டாம் முறையும் ஓட்டிப் பார்த்தேன், அதேதான். டாக்டர் அறைக்குப் போன் அடித்தேன், எடுக்கவில்லை. ரிசல்ட்டைப் போட்டேன். திரையில் சிவப்பாகத் தெரியும், டாக்டர் கண்ணில் படாமல் போகாது என்று நம்பிச் சாப்பிடப் போனேன். நான் திரும்புவதற்குள் அந்த ஆறு நான்காகியிருந்தது; அது எனக்குப் பிற்பாடுதான் தெரியும். சிவப்பு போய்விட்டது. டாக்டர் நான்கு புள்ளி எட்டைப் பார்த்து, மாத்திரை எழுதி, அனுப்பிவைத்துவிட்டார். ஊருக்குப் போகிற மினி பஸ்ஸில் பெரியவர் சரிந்து விழுந்தார்.

நான்கு நாள் தீவிர சிகிச்சையில் கிடந்து பிழைத்தார். அவர் மகன் லேபுக்குள் வந்து, வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னாலும் கத்தினான்.

"எங்கப்பன் செத்துப் பூட்டிருந்தா இன்னா பண்ணுவ? உன் கை வெளங்குமா?"

என்னை அடித்திருந்தால்கூடத் தேவலாம் என்றிருந்தது.

கடலூரில் விசாரணை. மெஷினில் ஆறு புள்ளி எட்டு. டேட்டாபேஸில் நான்கு புள்ளி எட்டு. மதியம் யாரோ திருத்தியதற்குப் பதிவு இருந்தது. திருத்தியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் சர்வரின் பொதுப்பெயர். ரிப்போர்ட்டின் அடியிலோ என் பெயர். சாப்பிடப் போயிருந்தேன் என்றேன். "நாளு முச்சூடும் உன் பேருதானே ஓடுது? எந்த நேரம் நீ, எந்த நேரம் வேற ஆளுன்னு நாங்க எப்படிக் கண்டோம்?" என்றார்கள். அவரைக் கூப்பிட்டார்கள். அவர் வருவதைப் பார்த்ததும் எனக்கு உயிர் வந்தது.

அவர் நின்றுகொண்டே சொன்னார்: "ரிசல்ட்ட யாரோ மாத்தியிருக்காங்க. யாருன்னு பதிவுல இல்ல. இவுங்கதான்னு சொல்றதுக்கு என்கிட்ட ஆதாரம் இல்ல. இவுங்க இல்லன்னு சொல்றதுக்கும் ஆதாரம் இல்ல."

அன்றே என்னை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அவர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூடவே வந்தார். டீ வாங்கிக் கொடுத்தார். "கவலப்படாதம்மா. இனிமே யாருக்கும் இப்பிடி நடக்காது" என்றார். டீ கிளாஸைப் பிடித்துக்கொண்டு அழுதேன். இந்த உலகத்தில் எனக்காகப் பேச இவர் ஒருவராவது இருக்கிறாரே என்று அழுதேன். இப்போது நினைத்தால் அந்த டீயைத் துப்ப வேண்டும் போல இருக்கிறது.

அடுத்த மாதமே அவருடைய திட்டத்துக்கு அனுமதி கிடைத்தது.

எந்த லேபும் என்னைச் சேர்க்கவில்லை. இந்தத் தொழிலில் செய்தி நமக்கு முன்னால் போய் உட்கார்ந்திருக்கும். மஞ்சக்குப்பத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் மூன்று வருடம் நின்றேன். ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தால் யாராவது ஒரு அக்கா, "அந்த ஆளு பொழச்சிக்கினாராமா?" என்று அன்பாக விசாரிப்பார். அப்பா அதற்காகவே கோயிலுக்கு வருவதைக் குறைத்துக்கொண்டார். நான் மட்டும் போனேன். காணாமல் போனதைக் கண்டுபிடித்துத் தருகிற அந்தோணியாருக்கு வாரம் ஒரு மெழுகுவத்தி. ஒன்று என் பெயர் திரும்பிக் கிடைக்க. பண்டிகை நாளில் இன்னொன்று, அவர் நன்றாக இருக்க. அந்த இரண்டாவது மெழுகுவத்திகளை எல்லாம் புனிதர் எனக்குத் திருப்பித் தர வேண்டும்.

பிறகு சிதம்பரத்தில் ஒரு பாலிடெக்னிக்கில் வேதியியல் லேப் உதவியாளர் வேலை கிடைத்து, ஊரும் மாறினேன். போன வருடம் பழைய நர்ஸ் ஒருத்திக்குத் திருவந்திபுரத்தில் கல்யாணம். பந்தியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவன் செல்வம். ஆஸ்பத்திரியில் அந்த நடு சர்வரைப் பார்த்துக்கொண்டிருந்தவன், என்னைவிட இரண்டு வயது சின்னவன். அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே இருந்தான். அப்புறம் சொன்னான்.

"அக்கா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு மாத்துனது யாருன்னு சாருக்கு அந்தப் பெரியவர் உழுந்த சாயங்காலமே தெரியும்."

"எப்படித் தெரியும்? பதிவுலதான் பேரே இல்லியே?"

"டேட்டாபேஸ் பதிவுல இல்ல. என் சர்வர்ல ஒரு ஃபைல் இருக்கும்க்கா, எந்தக் கம்ப்யூட்டர்லேர்ந்து யாரு வந்தாங்கன்னு. ஒரு வாரத்துல தானா அழிஞ்சிடும். சார் வந்து அத எடுத்துக் குடுக்கச் சொன்னாரு. எடுத்துக் குடுத்தேன். கடலூர் லேப் இன்சார்ஜ் பேரு இருந்துச்சு."

லேப் இன்சார்ஜ். ரத்தம் எடுக்கும்போது அதன் அணுக்கள் சிதைந்துவிட்டால் பொட்டாசியம் பொய்யாக ஏறிக் காட்டும். அதிகமாக வந்தால் மறுபடி ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். அந்த மனிதர் கடலூரில் உட்கார்ந்தபடியே, சாம்பிள் கெட்டிருக்கும் என்று தானாக முடிவு கட்டி எண்ணைத் திருத்தியிருக்கிறார்.

"சாரு ஏன்டா சொல்லல?"

"நானும் கேட்டேன்க்கா. இப்ப யாருன்னு சொன்னா, அதான் கண்டுபுடிக்க முடியுதே, இருக்கறதே போதும்னு உட்டுடுவானுங்க, அப்பறம் இந்த ஜென்மத்துல மாத்த மாட்டானுங்கன்னாரு. என்னையும் வாயத் தொறக்கக் கூடாதுன்னாரு. ஒரு வாரத்துல ஃபைலும் அழிஞ்சிடுச்சு. சார்கிட்ட மட்டும் காப்பி இருந்துச்சு."

பாயசம் ஊற்ற வந்தார்கள். இலையை மடித்துவிட்டு எழுந்தேன்.

எண்ணைத் திருத்தியவர் மேல் எனக்குப் பாதிக் கோபம்தான். அவர் ஒரு முட்டாள், சோம்பேறி. ஆனால் 'இவுங்க இல்லன்னு சொல்றதுக்கும் ஆதாரம் இல்ல' என்றாரே ஒருவர், சட்டைப் பையில் ஆதாரத்தை வைத்துக்கொண்டு! என் பெயருக்கு அழுக்கு படிந்தால்தான் அவருடைய சர்வர் பெயர் சொல்லக் கற்றுக்கொள்ளும். அந்தக் கணக்கில் நான் ஒரு ஆளாகவே வரவில்லை. மிச்சப் பாதிக் கோபமும், அதற்குமேல் என்னிடம் இருந்த கோபம் எல்லாமும் அவருக்குத்தான் போனது.

என்னென்னவோ யோசித்தேன். அவர் வீட்டு லேண்ட்லைன் எண் எனக்குத் தெரியும். அடித்தேன். "யாரு?" என்றது அந்தக் குரல். "நாந்தான்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். இரண்டு நாள் கழித்து மறுபடியும் செய்தேன். சின்னத்தனம்தான். ஆனால் இரண்டு முறையும் அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டேன்.

இந்த வருடம் எங்கள் பாலிடெக்னிக் அறிவிப்புப் பலகையில் அவர் பெயரைப் பார்த்தேன். கம்ப்யூட்டர் மாணவர்களுக்குச் சிறப்புரை. நான் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தேன். தலை நரைத்திருந்தது. பையில் அதே இரண்டு பேனா. நன்றாகப் பேசினார், அதையும் சொல்லத்தான் வேண்டும். தயிர் சாதத்தோடு எனக்குச் சொன்னதைத்தான் படம் போட்டுச் சொன்னார். பசங்கள் கைதட்டினார்கள். பிறகு ஒரு கதை சொன்னார்.

"ஒரு ஆஸ்பத்திரியில ஒரு லேப் டெக்னீஷியன் பொண்ணு இருந்துச்சு. ஒரு ரிசல்ட்டு மாறிப்போச்சு. அந்தப் பொண்ணுக்கு வேல போச்சு. உண்மையில மாத்துனது யாரு? இன்னி வரைக்கும் யாருக்கும் தெரியாது. பொதுப்பேரோட ஆபத்து இதான் தம்பிங்களா."

கேள்வி கேட்கலாம் என்றார்கள். எழுந்தேன். என் முகத்தைப் பார்க்காமலே, பழைய பழக்கத்தில், "பேரச் சொல்லிட்டுக் கேளுங்க" என்றார்.

"லூ. ஜெசிந்தா. சிதம்பரம் கிளை, லேப் டெக்னீஷியன். அந்தப் பொண்ணு."

மைக்கைப் பிடித்திருந்த கை இறங்கியது.

"மாத்துனது யாரு சார்?"

தண்ணீர் பாட்டிலைத் திறந்தார். குடிக்கவில்லை. "அது... யாரோ ஒருத்தர்மா" என்றார்.

வாழ்நாள் முழுக்க ஒரு 'யாரோ'வை விட்டுவைக்காதவர் வாயிலிருந்து அது வந்தது.

"அன்னிக்கு சாயங்காலம் செல்வம் எடுத்துக் குடுத்த காப்பியில பேரு இருந்துச்சே சார். தொலைச்சிட்டீங்களா?"

அவர் பாட்டிலை மூடி வைத்தார். துறைத்தலைவர் எழுந்து நன்றியுரை சொல்ல ஆரம்பித்துவிட்டார். மாணவர்கள் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். நான் வெளியே வந்துவிட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்விட்டு வந்து, கதவைத் தாழிட்டுக்கொண்டு மீன் கழுவிக்கொண்டிருந்தேன். யாரோ தட்டினார்கள்.

"யாரு?"

"நாந்தான்மா."

குரல் தெரிந்தது. பாலிடெக்னிக்கில் விசாரித்து வந்திருப்பார். கையைக் கழுவித் துடைத்துக்கொண்டேன். அவசரமே படவில்லை.

"நாந்தான்னா யாரு?"

கதவுக்கு வெளியே செருப்பு உரசியது. பிறகு தன் பெயரைச் சொன்னார். இனிஷியலோடு சொன்னார்.

"லெட்டர் எழுதி எடுத்தாந்திருக்கேன்மா. நிர்வாகத்துக்கு. மாத்துனவர் பேரு, நேரம், எந்த மெஷின்லேர்ந்து, எல்லாம் போட்டிருக்கேன். அந்தக் காப்பியும் வெச்சிருக்கேன். எனக்கு அன்னிக்கே தெரியும்னு எழுதி, கீழ கையெழுத்துப் போட்டிருக்கேன்."

"கதவுக்குக் கீழ தள்ளுங்க."

உறை உள்ளே வந்தது. தரையில் உட்கார்ந்து படித்தேன். மூன்றாவது வரியில் என் பெயர் இருந்தது. லூ. ஜெசிந்தா, தவறு செய்யவில்லை. ஏழு வருடம் நான் மெழுகுவத்தி ஏற்றியது இந்த ஒரு வரிக்குத்தான். அழுதேன். அந்த அழுகையை அவருக்குக் கேட்க விடவில்லை.

"கதவத் தொறம்மா. ஒரு நிமிஷம். மன்னிப்புக் கேட்டுட்டுப் போயிடறேன்."

பெயரைச் சொல்லிவிட்டால் விஷயம் முடிந்தது என்பது அவருடைய சட்டம். கேன்டீனில் அந்த அம்மாவின் காலடியில் குனிந்து கண்ணாடி பொறுக்கிய மனிதர்தான் வெளியே நிற்கிறார் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. கை தாழ்ப்பாள் வரைக்கும் போனது. பிறகு அந்த பஸ் ஸ்டாண்டு டீ ஞாபகம் வந்தது.

"லெட்டர் வந்துடுச்சுங்க" என்றேன். "வெளிய நிக்கறது யாருன்னுதான் தெரியல."

அவர் மறுபடியும் பெயரைச் சொன்னார். நான் உறையை அலமாரியில் வைத்தேன். மூன்றாவது முறை, சேத்தியாத்தோப்பு என்று ஊரையும் சேர்த்துச் சொன்னார். கதவிடுக்கில் அவர் செருப்பு அசையாமல் தெரிந்தது. நான் மீனுக்குத் திரும்பிவிட்டேன்.

கடிதத்தின் ஒரு நகலை நிர்வாகத்துக்கும், இன்னொன்றைக் குமராட்சிப் பெரியவர் வீட்டுக்கும் பதிவுத் தபாலில் அனுப்பினேன். ஜெராக்ஸ் நானே மஞ்சக்குப்பத்துக்குப் போய், பழைய கடையிலேயே எடுத்தேன். கடலூரில் அப்பா இப்போது மறுபடியும் பூசைக்குப் போகிறார்.

அவரைப் பற்றி யாராவது எழுதுவார்கள் என்றால், அது இதுதான். பேனா, கடிகாரம், தயிர் சாதம், எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். பெயர் மட்டும் இல்லை. அதைத்தான் அவர் என் வாசலில் நின்று மூன்று முறை சொன்னார். எனக்கு நன்றாகவே கேட்டது.